யாரைத் திட்டுவது?

ஊரில் ஒரு பழைய தியேட்டரை இடித்தால் எங்களைப் போன்றவர்கள் உடனே கட்டுரை எழுதிவிடுகிறோம். தரை டிக்கெட், முறுக்கு, மூட்டைப்பூச்சி, இடைவேளை மணி எல்லாம் அதில் வந்துவிடும். படிக்கிறவர்களும் கொஞ்சம் கலங்குவார்கள். ஒரு ஆன்லைன் விளையாட்டின் சர்வரை நிறுத்தினால் அப்படி யாரும் எழுதுவதில்லை, எழுதினாலும் சிரிப்பார்கள். இத்தனைக்கும் அந்தத் தியேட்டருக்கு நாம் வருடத்தில் சில தடவை போயிருந்தால் அதிகம். அந்த விளையாட்டுக்குள் பையன்கள் தினமும் மணிக்கணக்கில் இருந்தார்கள், பேசினார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். இந்த ஏற்றத்தாழ்வு கொஞ்ச காலமாக என்னை உறுத்துகிறது. துக்கத்தையாவது விட்டுவிடலாம், நாளாக நாளாக ஆறிவிடும். கோபம்தான் ஆறாமல் கிடக்கிறது. விளையாட்டை மூடிய நிறுவனத்தின்மேல் ஆட்டக்காரர்களுக்கு வருகிற கோபத்தை எதில் சேர்ப்பது? காசு கொடுத்து ஏமாந்தவரின் கோபமா, பழக்கத்துக்கு அடிமையானவர் அது கிடைக்காதபோது படுகிற கோபமா, குடியிருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லப்பட்டவரின் கோபமா? மூன்றும் அதில் கலந்திருக்கிறது. எந்த ஒன்றைப் பிடித்து நியாயம் பேசினாலும் மற்ற இரண்டும் குறுக்கே வந்து நிற்கின்றன.

2020 ஊரடங்கு மாதங்களில் பீர்க்கன்கரணையில் இரவு பத்து மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போனால், நான் சொல்லும் உலகம் காதில் விழும். ஜிஎஸ்டி சாலை அப்படி அடங்கிக் கிடந்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஓடவில்லை. ஏரிப்பக்கத்துத் தவளைச் சத்தம் தெருவரை வந்தது. அந்த அமைதிக்கு நடுவில் நாலைந்து மாடிகளிலிருந்து பையன்கள் கத்துவார்கள். “டேய், கவர் குடுடா.” “நாக் ஆயிட்டேன், ரிவைவ் பண்ணு.” “ஸோன் வருது, வண்டிய எடு.” ஒரு மாடியில் கேட்டதற்கு அடுத்த தெரு மாடியிலிருந்து பதில் வரும். என் அக்கா மகனின் ஸ்க்வாடில் ஒருவன் முடிச்சூர்க்காரன், ஒருவன் வள்ளியூரிலிருந்து ஆடுவான், நாலாவது ஆள் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவர் இவர்களைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் அண்ணா. அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. போன் சூடாகி ஆட்டம் திணறும் என்று, அக்கா மகன் கீழேயிருந்து ஒயர் இழுத்து டேபிள் ஃபேனை மாடிக்குக் கொண்டுவந்து, காற்று தன்மேல் படாமல் போன்மேல் படுகிற மாதிரி வைத்துக்கொள்வான். வியர்வையில் விரல் ஒட்டாமலிருக்க வீட்டுப் பவுடர் டப்பா பக்கத்தில் திறந்தபடி இருக்கும். இரண்டு கட்டைவிரலும் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து டெம்பர்ட் கிளாஸில் அந்த இரண்டு இடம் மட்டும் மங்கிப் போயிருந்தது. எரங்கல் என்ற, எந்த வரைபடத்திலும் இல்லாத தீவில், போச்சிங்கி என்ற ஊரில், எந்த வீட்டு மாடியில் என்ன துப்பாக்கி கிடக்கும் என்று அவனுக்கு மனப்பாடம். எங்கள் தெருக்கோடி வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் சீனத் தொடர்புள்ள 118 செயலிகளைத் தடை செய்தது. அதில் பையன்கள் ஆடிய பப்ஜி மொபைலும் இருந்தது. ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். இதற்கு எதிரில் தங்கள் நஷ்டத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்று பையன்களுக்குத் தெரியவில்லை. சொன்னால் அசிங்கம் என்றும் தெரிந்திருந்தது. போனில் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் இன்னும் இரண்டு மாதம் போல ஆடினார்கள். அக்டோபர் 30ஆம் தேதியோடு இந்தியாவுக்கான சேவையை முழுதாக நிறுத்துவதாகச் சீனாவின் டென்சென்ட் அறிவித்தது. இந்தியாவில் வெளியிடும் உரிமையைத் தென்கொரிய உரிமையாளருக்கே திருப்பித் தருவதாகவும், நடந்ததற்கு வருந்துவதாகவும் சொன்னது. அந்தத் தென்கொரிய நிறுவனமோ செப்டம்பரிலேயே இந்திய உரிமையை டென்சென்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. சென்சார் டவர் கணக்குப்படி இந்தியாவில் 17.5 கோடி தடவை தரவிறங்கிய விளையாட்டு, உலகக் கணக்கில் ஏறக்குறைய கால்வாசி. அத்தனை பேருக்கும் கிடைத்தது முகநூலில் ஒரு பத்தி. அக்கா “சனியன் ஒழிஞ்சுது” என்றாள். வீட்டில் பாயசம் வைக்காத குறை. அவன் மட்டும் என்னிடம் வந்து, “யார்கிட்ட மாமா போய்க் கேக்கறது? கவர்மென்ட்டையா, சீனாக்காரனையா, கொரியாக்காரனையா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனும் பதிலை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவன் கேட்டதைவிடச் சரியாக யாரும் இதைக் கேட்டுவிட முடியாது என்று பட்டது. கோபத்துக்குப் போய்ச் சேர ஒரு வாசல் வேண்டும். இந்தப் பகுதியில் தண்ணீர் வரவில்லை என்றால் யார் வீட்டு முன்னால் குடத்தோடு நிற்பது என்று பெண்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியும். மழைக்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்றால் ஜிஎஸ்டி சாலையில் உட்காரலாம். பத்து நிமிஷத்தில் போலீஸ் ஜீப்பாவது வரும். 2021 நவம்பரில் பீர்க்கன்கரணைப் பேரூராட்சியைத் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்த்தபோது, இனி எல்லாவற்றுக்கும் தாம்பரம் வரை அலைய வேண்டும் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது, அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், குறைந்தபட்சம் “நாளைக்கு வாங்க” என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு திரும்புவதில்கூட ஒரு நிம்மதி இருக்கிறது. விளையாட்டு நிறுவனத்துக்கு அப்படி வாசல் கிடையாது. வேறொரு விளையாட்டு, எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை, மூடப்பட்டபோது அவன் எழுதிய மின்னஞ்சலுக்கு ஒரு நிமிஷத்துக்குள் பதில் வந்துவிட்டது. ஆள் எழுதிய பதில் இல்லை என்பதற்கு அந்த வேகமே சாட்சி. வாசல் இல்லாத கோபம் கையில் அகப்பட்டவர்மேல் விழும். ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளாக, கெட்ட வார்த்தைகளாக, அறிவிப்பை வெளியிட்ட கடைநிலை ஊழியரின் மேல் வசையாக. அந்த ஊழியர் மூடும் முடிவை எடுத்தவரில்லை. பல சமயம் அந்த முடிவோடு அவர் வேலையும் போயிருக்கும். ஆட்டக்காரர்கள் பக்கம் எவ்வளவு சாய்ந்து பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு அவர்களைப் பிடிக்காமல் போகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். போன விளையாட்டு திரும்பி வந்தபோது கோபம் தீரவில்லை. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2021 ஜூலை 2ஆம் தேதி பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்று அதே விளையாட்டை வேறு பெயரில் கொண்டுவந்தது. பழைய கணக்கிலிருந்த துப்பாக்கி, சட்டை, பட்டம் எல்லாவற்றையும் புதிதுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவனும் மாற்றிக்கொண்டான். மாதக்கணக்கில் பெட்டி திறந்து திறந்து கிடைத்த கிளேசியர் எம்416, பனிக்கட்டி நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. குவைத் அண்ணா வரவில்லை. இது இந்தியாவுக்குள் மட்டும் ஆடுகிற விளையாட்டு. அவருக்கோ பழைய விளையாட்டு மூடப்படவேயில்லை; அவருடைய திரையில் எரங்கல் அப்படியே இருந்தது, இந்த மூன்று பேர்தான் ஒரே நாளில் காணாமல் போயிருந்தார்கள். வாட்ஸ்ஆப் எண் வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, தினமும் பார்க்கிறவரிடம் யார் முகவரி கேட்பார்கள்? 2022 ஜூலை 28ஆம் தேதி இந்த இரண்டாவது விளையாட்டும் கடைகளிலிருந்து தூக்கப்பட்டது. பத்து மாதம் கழித்து, 18 வயதுக்குக் கீழே தினம் மூன்று மணி நேரம், மேலே ஆறு மணி நேரம் என்ற கட்டுப்பாட்டோடு திரும்பியது. அதற்குள் அவனுக்குக் கல்லூரியே முடியப்போகிற நேரம். நிறுவனங்களின் கணக்கேட்டில் பத்திரமாக இருந்ததெல்லாம் பொருள்கள்தான். ஆட்டக்காரன் இழந்தது அந்தக் கணக்கேட்டில் எந்தப் பத்தியிலும் இல்லாததால், அவர்கள் எதையும் எடுக்கவில்லை என்றே நேர்மையாக நம்பியிருக்கக் கூடும்.

கோபப்படாதவர்களும் உண்டு. எங்கள் எதிர்வீட்டு அம்மா தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த நிலத்தில் மனை வாங்கி வீடு கட்டியவர். பத்து வருடம் போல முகநூலில் ஃபார்ம்வில் ஆடினார். ஸ்ட்ராபெரி நாலு மணி நேரத்தில் விளையும், நெல்லுக்குப் பன்னிரண்டு மணி நேரம். விதைத்துவிட்டு அலாரம் வைத்துக்கொண்டு படுப்பார். அறுக்காமல் விட்டால் பயிர் வாடிப்போகும் என்று கல்யாண வீட்டில்கூட மகனுடைய மடிக்கணினியைக் கேட்டு வாங்கியதாகத் தெருவில் கேலி உண்டு. அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டதால், 2009இல் தொடங்கிய அந்த விளையாட்டை ஜிங்கா 2020 டிசம்பர் 31ஆம் தேதி மூடியது. பையன்களின் பப்ஜி போய் இரண்டு மாதம். அன்றைக்குச் சாயங்காலம் அவர் முழு நிலத்தையும் அறுத்து, களத்தைக் காலியாக வைத்துவிட்டு, அந்தத் திரையைத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். “அவங்க எடம், அவங்க எடுத்துக்கிட்டாங்க” என்றார். இந்தப் பதிலில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் துழாவிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

அவங்க இடம் என்பதை ஒப்புக்கொள்வோம். இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்குக் காலி செய்வது புதிதில்லை. வீட்டுக்காரர் இரண்டு மாதம் தவணை தருவார், வெள்ளையடிக்கப் பிடித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தருவார். நமக்குக் கசப்பு இருக்கும், அநியாயம் என்று தோன்றாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைல் விஷயத்தைப் பாருங்கள். அரசு தடை, எல்லைச் சண்டை என்று எந்தக் குறுக்கீடும் இல்லாமல் நிறுவனம் தானாக மூடிய விளையாட்டு என்பதால் அது எனக்கு வசதியான உதாரணம். முதலில் பரிசோதனைக்கு விட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2022 மே மாதம் உலகம் முழுக்க வெளியானது. அந்த வருடத்தின் சிறந்த ஐபோன் விளையாட்டு என்று ஆப்பிள் விருது கொடுத்தது. அடுத்த ஜனவரி கடைசியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மூடுவதாக அறிவித்தது. 2023 மே 1ஆம் தேதி சர்வர் நின்றது. வயது ஒன்று நிரம்பவில்லை. புதுப்புதுச் சரக்கை எதிர்பார்த்த தரத்திலும் வேகத்திலும் கொடுக்க முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். புதிதாக எதுவும் வேண்டாம், இருப்பதை அப்படியே விட்டுவையுங்கள் என்றுதான் ஆட்டக்காரர்கள் மன்றாடினார்கள். தவணை, மூன்று மாதம் கிடைத்தது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த காசு திரும்பவில்லை. அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லும்போது, இதே மாதிரி ஒரு வீட்டை நீ உன் சொந்த மனையில் கட்டிக்கொண்டாலும் வழக்குப் போடுவேன் என்று சொல்வதில்லை. விளையாட்டு நிறுவனம் அதைச் சொல்கிறது. தனக்கு வேண்டாததைப் பிறர் நடத்தவும் கூடாது. எதிர்வீட்டு அம்மாவின் பெருந்தன்மையோடு எனக்கு ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான்.

நிறுவனங்கள் பக்கத்தில் பேச விஷயம் இல்லாமலில்லை. சர்வர் என்பது தொடர்ந்து மின்சாரம் குடிக்கிற, பழுது பார்க்க ஆள் கேட்கிற சொத்து. விளையாட்டுக்குள் ஒலிக்கும் பாட்டுக்கு, அதில் ஓடும் காரின் பெயருக்கு எல்லாம் கெடு வைத்த உரிமங்கள் உண்டு. ஐரோப்பிய வெளியீட்டாளர் சங்கம், தனியார் நடத்தும் சர்வர்களில் பாதுகாப்பையும் சட்டவிரோத உள்ளடக்கத்தையும் கண்காணிக்க முடியாது, பழி தங்கள்மேல் வரும் என்கிறது. அதுவும் பொய்யில்லை. என்னுடைய சந்தேகம் வேறு மாதிரியானது. அந்தக் கிளேசியர் துப்பாக்கி வந்த பெட்டி, பணம் போட்டுத் திறந்தால் எது வேண்டுமானாலும் வரலாம், பெரும்பாலும் குப்பை வரும் என்ற பெட்டி. சூதாட்டத்துக்கும் அதற்கும் இடையில் என்ன வேலி என்று எனக்கு விளங்கியதில்லை. அப்படியானால் மூடியபோது வந்த கோபத்தில் ஒரு பங்கு, தூண்டிலை எடுத்துவிட்டார்களே என்று மீன் படுகிற கோபம்தானோ? அக்கா சொன்ன சனியன் அந்தப் பங்கைத்தான் குறித்தது, அவளை மறுக்க என்னால் முடியாது. ஆனால் ஒரு வேடிக்கை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தபோது, அந்த நிறுவனங்கள் ஆட்டத்தை நிறுத்திய கையோடு, கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வரிசையாக அறிவித்தன. பணத்தாசையில் ஆடியவருக்கு மிச்சமிருந்த இருப்பு கைக்கு வந்தது. நண்பர்களோடு ஆட யூசி என்ற விளையாட்டு நாணயம் வாங்கிய பையனுக்கு இருப்பு என்று ஒன்று இருந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மேல்நாட்டில் இந்தக் கோபம் ஒரு வாசலைக் கண்டுபிடித்திருக்கிறது. யூபிசாஃப்ட் 2014இல் விற்ற தி க்ரூ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தியது. தனியாக ஆடக்கூட வழியில்லாமல் போனது. அதற்கு மறு மாதமே ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் ‘விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை என்றென்றைக்கும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, நாங்களே நடத்திக்கொள்ளும்படி ஏதாவது ஒரு வழியை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் கையெழுத்துகள் 10 லட்சத்தைத் தாண்டின. இது நடக்காத காரியம் இல்லை. தென்கொரியாவின் என்சிசாஃப்ட் 2012 நவம்பரில் சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டை மூடியது. அதற்கு முன் ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே ஒரு நகரமன்றத்தின் முன் கூடி, தங்கள் பாத்திரங்களின் கையில் தீப்பந்தம் ஏந்தி நின்றார்கள். நிறுவனம் அசையவில்லை. சிலர் ரகசியமாக ஒரு சர்வரை வருடக்கணக்கில் நடத்தினார்கள், 2019இல் அது வெளியே தெரிந்தது. 2024 ஜனவரியில் ஹோம்கமிங் என்ற ஆட்டக்காரர் குழுவுக்கே என்சிசாஃப்ட் முறையாக உரிமம் கொடுத்துவிட்டது. செலவை ஆடுகிறவர்கள் நன்கொடையாகப் போடுகிறார்கள். எந்த நிறுவனமும் இதனால் கவிழ்ந்துவிடவில்லை.

நம் ஊரில் வாசல் இல்லை என்று நானும் நம்பியிருந்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20ஆம் தேதி, பப்ஜி தடைக்கு ஒன்றரை மாதம் முன்னால். அதன் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று பட்டியலிடுகிறது. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தருவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பப்ஜிக்கு இது பொருந்தாது. அரசாணையே காரணமாக நின்றது. ஏபெக்ஸ் போல நிறுவனம் தானாக மூடியவற்றுக்குப் பொருந்துமா என்பதை ஒரு ஆணையம்தான் சொல்ல வேண்டும். இந்த வகைப் புகார் மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குப் போகவேண்டும். வசிக்கிற ஊரிலிருந்தே, இணையம் வழியாகவே மனுப் போடலாம். நானூறு ரூபாய்ச் சட்டைக்காக ஒரு பையன் மாநில ஆணையம் வரை போவானா என்று சிரிக்கலாம். போனால் எதிர்த்தரப்பில் ஒரு ஆள் வந்து நின்று, ஏன் மூடினோம், ஏன் பிறர் நடத்த விடவில்லை என்று வாய்திறந்து சொல்ல வேண்டியிருக்கும். அக்கா மகன் கேட்டது அவ்வளவுதான். புகார் கொடுக்கச் சட்டம் தரும் கெடு இரண்டு ஆண்டு. ஏபெக்ஸுக்கு அது 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, தாமதத்தை மன்னிக்க ஆணையம் மனம் வைத்தால்தான் உண்டு. அடுத்த அறிவிப்பு எந்த விளையாட்டுக்கு வந்தாலும், பணம் கட்டியதற்கு வந்த ரசீது மின்னஞ்சல்களை அழித்துவிடாதீர்கள்.